ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கில் ஆர்வம் இல்லை: பேச்சாளரை அழைக்கலாமா?

கேள்வி: அரசு உதவிபெறும் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணிதம் எடுக்கிறேன். 42 பேரில் நான்கைந்து பேரைத் தவிர யாரும் பாடத்தில் இல்லை. பரிசு வைத்தேன், இரண்டு வாரம்தான் தாங்கியது. தன்னம்பிக்கைப் பேச்சாளர் ஒருவரை அழைக்கலாம், கூடவே கைரேகைச் சோதனையும் செய்து தருகிறார்கள், தலைக்கு இவ்வளவு என்று வசூலித்தால் போதும் என்கிறார் தலைமையாசிரியர். பலன் இருக்குமா? (ஓர் ஆசிரியை, திண்டுக்கல் மாவட்டம்)

பதில்: கைரேகையிலிருந்தே தொடங்குகிறேன், காசு போவது அங்கேதான். விரல் ரேகையைப் பார்த்து மூளையின் திறனைச் சொல்லலாம் என்பதற்கு அறிவியல் ஆதாரம் எதுவும் கிடையாது. வண்ணப் படம் போட்ட அறிக்கை ஒன்று வரும். அதில் ‘கணிதத் திறன் குறைவு’ என்று ஒரு வரி இருந்தால் போதும், ‘எனக்குக் கணக்கு வராதுன்னு கம்ப்யூட்டரே சொல்லிடுச்சு’ என்று பையன் புத்தகத்தை மூடிவிடுவான். எந்த எண்ணத்தை நீங்கள் போக்க நினைக்கிறீர்களோ, அதையே பெற்றோர் காசில் அச்சடித்துக் கொடுக்கிறார்கள். இந்த வியாபாரத்தில் இடையில் ஒரு ஆள் இருப்பார், தலைக்கு இவ்வளவு கமிஷன் என்று பேசுவார். ரசீது கேளுங்கள், துறையின் அனுமதியை எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் அதற்கப்புறம் போன் வராது.

பேச்சாளர்கள் விஷயமும் ஏறக்குறைய இதுதான். சன்னலைச் சாத்தி, சோகமாக ஒரு வயலினை ஓடவிட்டு, ‘அம்மா படும் பாட்டை நினைச்சுப் பாரு’ என்றால் எந்தப் பிள்ளையும் அழும். மறுநாள் அதே பல்லுறுப்புக் கோவை, அதே முழிப்பு. இப்போது கூடவே குற்ற உணர்ச்சியும் சேர்ந்திருக்கும். 2024இல் சென்னை அரசுப் பள்ளி ஒன்றில் ஒருவர் முன்ஜென்மப் பாவம் பற்றிப் பேசி, பார்வைத்திறன் இல்லாத ஆசிரியர் ஒருவரே எழுந்து தட்டிக்கேட்ட கதை உங்களுக்கு நினைவிருக்கும். மேடையில் யார் என்ன பேசுவார் என்று நமக்குத் தெரியாது.

சரி, என்ன செய்வது? ஆர்வம் வந்தால் படிப்பார்கள் என்று எல்லோரும் நினைக்கிறோம். வகுப்பறையில் நடப்பது பெரும்பாலும் தலைகீழ். ஒரு கணக்கு தன் கையால் சரியாக வந்தால்தான் அடுத்த கணக்கில் ஆசை வரும். உங்கள் பிள்ளைகளுக்கு அப்படி ஒன்று வந்தே பல வருஷம் ஆகியிருக்கலாம்.

நாளைக்கே ஐந்து கணக்கு கொடுங்கள். தாளில் பெயர் வேண்டாம். அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு, −3 − 4 எவ்வளவு, இந்த அளவுக்குப் போதும். இரண்டாவதற்கு −7 என்பதை விட்டுப் பாதிப் பேராவது 7 என்று எழுதினால் ஆச்சரியப்பட வேண்டாம். ‘மைனஸும் மைனஸும் பிளஸ்’ என்று எப்போதோ மனப்பாடம் செய்தது, பெருக்கலுக்குச் சொன்னதைக் கூட்டலுக்கும் போடுகிறார்கள். இது புரியாதவனுக்கு இயற்கணிதம் முழுவதும் இருட்டு. அண்ணாச்சி கடையில் மூணு ரூபாய் கடன், மறுபடி நாலு ரூபாய் கடன், கையில் காசு வந்துவிட்டதா என்று கேளுங்கள். மூன்று வாரத்துக்குத் தினமும் முதல் பத்து நிமிடம் இதற்கு மட்டும்.

கேள்வி கேட்டதும் கை தூக்கும் அந்த நான்கு பேரைப் பார்க்காதீர்கள். எல்லோரும் ரஃப் நோட்டில் விடை எழுதி ஒரே நேரத்தில் தூக்கிக் காட்டட்டும். கேட்டுவிட்டு மூன்று நொடியாவது பொறுங்கள். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள், மூன்று நொடி பொறுத்தால் வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள் என்று மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களிலேயே காட்டிவிட்டார். இதற்குச் செலவு எதுவும் இல்லை, அதனால்தானோ என்னவோ எந்தப் பயிற்சி முகாமிலும் இதை அழுத்திச் சொல்வதில்லை.

பரிசை நிறுத்திவிடுங்கள். 1973இல் வெளிவந்த ஓர் ஆய்வில், படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள குழந்தைகளிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லி, அப்படியே கொடுத்தார்கள். பிறகு விளையாட்டு நேரத்தில் அந்தக் குழந்தைகள்தான் படம் வரையும் பேனாவைக் குறைவாகத் தொட்டன. உங்கள் பரிசை வாங்கியது யார்? அந்த நான்கைந்து பேர்தானே? மற்றவர்களுக்கு முதல் நாளே தெரியும், அது தங்களுக்கில்லை என்று.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். சில பிள்ளைகளுக்கு இது எதுவும் வேலை செய்யாது, காரணம் பாடத்தில் இல்லை. பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதும் பெண்ணைக் கரும்பலகையில் உள்ளதை வாசிக்கச் சொல்லுங்கள். கிட்டப்பார்வை தலைகாட்டும் வயசு இது. கண்ணாடி கொடுத்திருந்தாலும், ‘சோடாபுட்டி’ என்று கூப்பிட்டதால் பைக்குள் வைத்திருப்பாள். முகூர்த்த நாளுக்கு மறுநாள் தூங்கி விழுகிறவன் ராத்திரி கேட்டரிங் வேலைக்குப் போய்விட்டு வந்திருப்பான். அப்புறம், காலைச் சாப்பாடு. 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு முடிகிறது. பதினான்கு வயசுக்குப் பசிக்காது என்று யார் கணக்குப் போட்டார்களோ! உங்கள் பாடவேளை மதிய உணவுக்கு முன்னால் என்றால், இரண்டு நாள் தனியாகக் கூப்பிட்டுச் சாப்பிட்டாயா என்று மட்டும் கேளுங்கள். புத்திமதி வேண்டாம். தூங்குகிறவர்களையெல்லாம் ‘மெல்லக் கற்போர்’ பட்டியலில் சேர்த்துவிட்டால் பதிவேடு நிறையும், வயிறு நிறையாது.

தினமும் அடிப்படைக் கணக்குக்கு ஒதுக்கும் பத்து நிமிடத்தால் போர்ஷன் கொஞ்சம் பின்தங்கும். காலாண்டுத் தேர்வில் பலன் எதையும் எதிர்பார்க்க வேண்டாம். தேர்ச்சி விழுக்காட்டைத் தவிர வேறு எதையும் கேட்கத் தெரியாத ஆய்வுக்கூட்டத்தில் உங்களை நிற்கவைத்துக் கேட்பார்கள். அதனால் இப்போதே லெசன் பிளானில் இதை எழுதி, தலைமையாசிரியரிடம் தேதியோடு கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.