அரியலூர் போன்ற பின்தங்கிய மாவட்டம் பொதுத்தேர்வில் முதலிடம் வருகிறதே, அங்கே பள்ளிகளுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

மாவட்டம் ஏழை என்றால் பள்ளியும் ஏழையாகத்தானே இருக்கும் என்ற எண்ணத்தில் கேட்கிறீர்கள். அமெரிக்காவில் ஓரளவு அப்படித்தான், உள்ளூர் சொத்து வரியில் பெரும் பங்கு பள்ளிக்குப் போகிறது. இங்கே அப்படி இல்லை. ஆசிரியர் சம்பளம் மாநில அரசின் கருவூலத்திலிருந்து வருவதால், சென்னையில் வேலை பார்த்தாலும் அரியலூர் மாவட்டத்துச் செந்துறையில் பார்த்தாலும் அடிப்படை ஊதியம் ஒன்றுதான்.

இடிக்கிற இடம் வேறு. ஒன்றிய, மாநில அரசுகள் சேர்ந்து பணம் போடும் சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக்கல்வித் திட்டத்தில் பள்ளி மானியம் தலைக்கணக்குப்படிதான்: 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு வருடத்துக்கு 10,000 ரூபாய், 100 வரை 25,000. சாக்பீஸ், கரண்ட் பில், கழிப்பறைப் பராமரிப்பு எல்லாம் அதற்குள். கிராமத்துத் தொடக்கப்பள்ளிக்கு எது கிடைக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அந்தத் திட்டத்தில் 60 சதவீதம் தரவேண்டிய ஒன்றிய அரசு, மாதிரிப் பள்ளிகளுக்கான தன்னுடைய பிஎம் ஸ்ரீ திட்டத்தின் ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்று 2024-25இல் சுமார் 2,150 கோடியை நிறுத்தி வைத்தது.

அப்புறம் அந்த முதலிடம். 2025 பிளஸ் டூவில் அரியலூர் 98.82 சதவீதம், உண்மைதான். ஆனால் அதில் தனியார் பள்ளிகளும் சேர்த்தி, தவிர இது தேர்ச்சிக் கணக்கு, மதிப்பெண் கணக்கு அல்ல. 35 எடுத்தவரும் 95 எடுத்தவரும் இதில் ஒன்றே. மெதுவாகப் படிக்கும் பிள்ளைகளைச் சாயங்காலமும் உட்காரவைத்து எழுதிப் பழக்கினால் இந்த எண் ஏறும், அதற்குப் பணத்தைவிட ஆசிரியரின் நேரம்தான் செலவு.