ஸ்ட்ராவின்ஸ்கியின் மூன்று காலங்கள்: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் ‘ரைட் ஆஃப் ஸ்பிரிங்’ பாலேயில் (நடன நாடகத்தில்) முன்னிசை முடிந்ததும் ஒரு முரட்டு அடி வருகிறதே, அங்கே தாளம் பாருக்குப் பார் (ஆவர்த்தத்துக்கு ஆவர்த்தம்) மாறுகிறதா?

பதில்: மாறவே இல்லை, சூதே அதில்தான். டூ-ஃபோர் தாளம், அதாவது பாருக்கு இரண்டு அடி. பாருக்கு நான்கு குவேவர் (அரை அடி); எட்டு பாருக்கு 32. வில் வாத்தியக் கூட்டம் ஒரே கார்டை (சுரக் கூட்டை), எல்லாம் டவுன்-போவாக (வில்லைக் கீழ்நோக்கி இழுத்து), விடாமல் அடிக்கும். எட்டு ஹார்ன்கள் (ஊது வாத்தியங்கள்) 10, 12, 18, 21, 25, 30 என்ற இடங்களில் மட்டும் குத்தும். முதல் குத்துக்கு முன் 9 குவேவர்; பிறகு குத்துக்குக் குத்து 2, 6, 3, 4, 5; கடைசிக் குத்திலிருந்து முடிவு வரை 3. காலால் பாரின் தலையைத் தட்டி, கையால் குத்தைப் போட்டுப் பாருங்கள். மெட்ரனோம் குவேவருக்கு முதலில் 60, பிறகு 100. 21-உம் 25-உம் பாரின் தலையிலேயே விழுவதால் ‘பிடித்துவிட்டோம்’ என்று தோன்றும். அந்த நம்பிக்கையில் 29-இல் கை தட்டிவிடுவீர்கள். குத்து 30-இல்தான்.

கேள்வி: ‘ஃபயர்பேர்டு’ எனக்கு இருபது நிமிடம்தான் ஓடுகிறது. வெட்டிவிட்டார்களா?

பதில்: அது 1919 சூட், அதாவது கச்சேரிக்காகத் தொகுத்த சுருக்கம். முழு பாலே 1910, முக்கால் மணி நேரம். வாங்குமுன் உறையில் ஆண்டைப் பாருங்கள்.

கேள்வி: 1913-இல் பாரிஸில் ‘ரைட் ஆஃப் ஸ்பிரிங்’ அரங்கேறியபோது கலாட்டா நடந்தது இசையாலா, நடனத்தாலா?

பதில்: நிஜின்ஸ்கி அமைத்த நடனத்துக்கும் பெரிய பங்குண்டு. இதற்குமேல் இங்கே வேண்டாம்.

கேள்வி: பன்னிரு சுர முறையை வகுத்த ஷோன்பெர்க் 1951-இல் இறந்த பிறகே ஸ்ட்ராவின்ஸ்கி சீரியலுக்கு (சுரங்களை முன்பே வகுத்த வரிசையில் வைத்து எழுதும் முறைக்கு) தாவினார். சந்தர்ப்பவாதம்தானே?

பதில்: தாவலா? கவிஞர் டிலன் தாமஸ் நினைவாக 1954-இல் எழுதியதில் வரிசைக்கு ஐந்தே சுரம். முழுக்கப் பன்னிரு சுரத்தில் அமைந்த ‘த்ரேனி’ 1958-இல்தான். ஸ்ட்ராவின்ஸ்கியை அதிகம் இழுத்தது ஷோன்பெர்கின் மாணவர் வெபர்ன். ‘அகான்’ பாலேயைக் கேளுங்கள்: 1953-இல் தொடங்கி 1957-இல் முடித்தார். பழைய பாணி டிரம்பெட் முழக்கத்தில் ஆரம்பித்து, நடுவில் சீரியலாகி, கடைசியில் அதே முழக்கத்துக்குத் திரும்பும்.

கேட்டவரே மீண்டும்: அப்படியானால் அவருடைய உதவியாளர் ராபர்ட் கிராஃப்ட் அவரைச் சீரியலுக்குத் தள்ளிவிட்டார் என்பது?

பதில்: கிராஃப்ட் கதவைத் திறந்துவிட்டார், அவ்வளவே. நடந்தவர் ஸ்ட்ராவின்ஸ்கி. ‘லே நோஸ்’ (1923) முடிவில் நான்கு பியானோவோடு மணி ஒலிக்கும். ‘ரெக்வியம் கேன்டிகிள்ஸ்’ (1966) முடிவிலும் செலஸ்டா, வைப்ரஃபோன் ஆகிய உலோக ஒலி வாத்தியங்களோடு மணி. இடையில் 43 ஆண்டு. காதில் விழுவது ஒரே ஆள்தான். ரஷ்யப் பாணி, நியோகிளாசிக்கல் (பழைய இசையைப் புதுப்பிக்கும்) பாணி, சீரியல் பாணி என்று மூன்று பெட்டி பிரிப்பது பாடப்புத்தகத்துக்குச் சௌகரியம்.

கேள்வி: ‘புல்சினெல்லா’ பாலே, 18-ஆம் நூற்றாண்டு இத்தாலிய இசையமைப்பாளர் பெர்கொலேசியின் இசையா?

பதில்: மூலத்தில் கணிசமான பகுதி வேறு ஆட்களுடையது என்று பின்னால் தெரிந்தது. மெட்டும் பாஸும் பழசு. ஹார்மனியில் (சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் விதத்தில்) செய்த குறும்பு ஸ்ட்ராவின்ஸ்கியுடையது.

கேள்வி: என்னிடம் உள்ள ‘புல்சினெல்லா’வில் பாட்டே இல்லையே?

பதில்: சூட். முழு பாலேயில் மூன்று பாடகர்கள் உண்டு. உறையைப் பார்க்கச் சொன்னேனே!