காலாவதியான மின்னஞ்சல் சாவியை அழித்துவிடலாமா?

மின்னஞ்சலைக் குறியாக்கிப் பூட்டும் சான்றிதழை மூன்று முறை மாற்றியிருக்கிறீர்கள்; பழையவற்றை நீக்கலாமா, எந்த மடலுக்கு எந்தச் சாவி என்று எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்கள்.

நீக்கிவிடாதீர்கள். நீக்கிவிட்டு அவதிப்பட்டவன் சொல்கிறேன்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சிறிய கணக்கு அலுவலகம் வைத்திருக்கிறேன். சுற்றுவட்டாரச் செம்பனைத் தோட்டங்களின் சம்பளப் பட்டியல்கள் எஸ்/மைம் (S/MIME) என்ற, சான்றிதழ் கொண்டு மடலைப் பூட்டும் முறையில் குறியாக்கம் செய்யப்பட்டே வரும். சான்றிதழைப் புதுப்பித்த அன்று, காலாவதியான பழையதை அதன் சாவியோடு குப்பை என்று நினைத்து அழித்தேன். சில மாதம் கழித்து, ஓய்வு பெற்ற தொழிலாளி ஒருவர் பழைய சேமநிதிச் சந்தா விவரம் கேட்டு வந்தார். அந்த ஆண்டின் மடல் ஒன்றுகூடத் திறக்கவில்லை. சான்றிதழ் தந்த நிறுவனத்தைக் கேட்டுப் பயனில்லை. மடலைத் திறக்கும் இரகசியச் சாவி என் கணினியிலேயே உருவானது, அவர்களிடம் நகல் ஏது? தோட்டத்துக் கிராணியிடம் (எழுத்தரிடம்) கெஞ்சி எல்லாவற்றையும் மறுபடி அனுப்பச் சொன்னேன். மனிதர் இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

காலாவதித் தேதி புதிதாகப் பூட்டுவதையும் கையொப்பமிடுவதையும்தான் தடுக்கும். பழைய மடலைத் திறக்க அது குறுக்கே வராது.

எந்தச் சாவி என்ற கவலை உங்களுக்கு வேண்டாம். என் அப்பா தோட்டத்து ஸ்டோர் கிராணி. அவர் சாவிக்கொத்தில் ஒவ்வொன்றிலும் எண் குத்திய பித்தளை வில்லை தொங்கும். பூட்டிலும் அதே எண். எஸ்/மைம் மடலிலும் அப்படித்தான்: எந்தச் சான்றிதழுக்குப் பூட்டியது என்பது பொதுவாக வழங்கியவர் பெயரும் வரிசை எண்ணுமாகப் பதிந்திருக்கும். ஓபன்பிஜிபி (OpenPGP) என்ற இன்னொரு குறியாக்க முறையில் சாவியின் அடையாள எண். தண்டர்பேர்ட் போன்ற மின்னஞ்சல் மென்பொருள் அதைப் பார்த்துக் கொத்திலிருந்து தானே எடுத்துக்கொள்ளும். அமைப்பில் நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஒற்றைச் சான்றிதழ் இனி அனுப்பப்போகும் மடல்களுக்கு மட்டும்.

ஓபன்பிஜிபி பயன்படுத்துபவர்கள் அதே சாவியின் தேதியை நீட்டித்துக்கொள்ளலாம், கொத்தே பெருகாது. எனக்கு அதில் கொஞ்சம் பொறாமைதான்.

இப்போது ஒவ்வொரு முறை புதுப்பிக்கும் முன்பும் பழையதை இரகசியச் சாவியோடு பி12 (.p12) கோப்பாக ஏற்றுமதி செய்கிறேன். ‘செர்’ (.cer) கோப்பு போதாது, அதில் பிறர் மடலைப் பூட்டப் பயன்படுத்தும் பொதுச் சாவி மட்டுமே இருக்கும். கோப்பின் பெயரில் ஆண்டும் வரிசை எண்ணின் கடைசி நான்கு இலக்கமும். பிறகு வேறொரு கணினியில் ஏற்றி, ஒரு பழைய மடலாவது திறக்கிறதா என்று பார்த்துவிடுகிறேன். ஒரு தம்ப் டிரைவ் அலுவலக இரும்புப் பெட்டியில், இன்னொன்று தைப்பிங்கில் தங்கை வீட்டில். கடவுச்சொல் எழுதிய உறை மட்டும் என் வீட்டு அலமாரியில்.