சேமலாப நிதியில் பெயர்ப் பிழை: யார் திருத்துவது?

சகோதரம், அடையாள அட்டையில் ஒரு பெயர், ஊழியர் சேமலாப நிதி (ஈ.பி.எஃப்., நம் சம்பளத்திலிருந்தும் முதலாளியிடமிருந்தும் சேரும் ஓய்வுகாலச் சேமிப்பு) கணக்கில் இன்னொரு பெயர் என்று நாரஹேன்பிட்டித் தொழில் திணைக்களத்துக்கும் பழைய கம்பனிக்கும் நான்கு தரம் அலைந்ததாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் இதே கூத்துத்தான். தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு 'எச்' கூடினால் போதும், நீங்கள் வேறு ஆள்!

காசு மத்திய வங்கியில் இருந்தாலும் உங்களைப் பதிந்தது முதலாளி. ஆகவே முதலில் அவரைத்தான் பிடிக்க வேண்டும். வாயால் கேட்காதீர்கள். உறுப்பினர் இலக்கம், அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் பிரதிகளோடு கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தபால் பற்றுச்சீட்டைக் காட்டிய பிறகுதான் என் பழைய கணக்காளருக்கு ஞாபகமே வந்தது.

அதற்கும் அசையாவிட்டால் தொழில் திணைக்களத்தில் எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். "ஃபைல் மேலே போயிருக்கு" என்று சொன்னால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அது யார் மேசையில் இருக்கிறது என்று கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்லியாக வேண்டும். தமிழிலேயே எழுதலாம்.

மற்றது, சம்பளச் சீட்டுகளை எறியாதீர்கள். சம்பளத்தில் உங்கள் பங்கான 8 சதவீதமும் முதலாளியின் பங்கான 12 சதவீதமும் ஒழுங்காகக் கட்டப்பட்டதா என்று ஒப்பிட அவை தேவைப்படும்.