முட்டை ஓட்டை சிமென்டில் கலக்கலாமா?

கேள்வி: நாமக்கல் பக்கம் சிறிய பேக்கரி நடத்துகிறோம். முட்டை ஓடு மூட்டை மூட்டையாகச் சேர்ந்து நாறுகிறது. கடைக்குப் பின்னால் சுற்றுச்சுவர் எழுப்பப் போகிறோம். ஓட்டைப் பொடியாக்கி சிமென்டில் கலக்கலாமா? செட்டிநாட்டு வீடுகளில் முட்டை போட்டுத்தானே பூசினார்கள்?

பதில்: பூச்சு வேலைக்குத் தாராளமாகக் கலக்கலாம். 50 கிலோ சிமென்டில் இரண்டரைக் கிலோவைக் குறைத்து, அந்த அளவுக்கு ஓட்டுப்பொடி போடுங்கள். ஒரு முட்டை ஓடு ஐந்தாறு கிராம்தான் இருக்கும் என்பதால், ஒரு சிமென்ட் மூட்டைக்குச் சுமார் 450 ஓடுகள் செலவாகும். தூண், பீம், கூரைத் தளம் எதிலும் இதைச் சேர்க்காதீர்கள்.

செட்டிநாட்டில் சேர்த்தது வெள்ளைக்கரு; அதுவும் சுண்ணாம்புப் பூச்சில், வழவழப்புக்காக. ஓட்டின் கதை வேறு. அதில் ஏறக்குறைய 95 சதவீதம் கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புக்கல்லிலும் முக்கியமாக இருப்பது அதுதான். ஆனால் ஆலையில் அந்தக் கல் களிமண்ணோடு சேர்ந்து 1,450 டிகிரியில் வெந்த பிறகுதான் சிமென்ட் ஆகிறது. வெறுமனே அரைத்த ஓடு தானாக இறுகாது. சிமென்ட் துகள்களுக்கு இடையே உள்ள சந்துகளை அடைத்து, பூச்சை நெருக்கமாக்கும், அவ்வளவுதான். அதிகம் போட்டால் பிடிப்பு குறையும். நிலக்கரிச் சாம்பல் கலந்த பிபிசி சிமென்டாக வாங்குங்கள்; அந்தச் சாம்பலில் உள்ள அலுமினாவோடு ஓட்டுப்பொடி ஓரளவு வினைபுரியும்.

பெரும்பாலும் வேலை கெடுவது உள்சவ்வால்தான். ஓட்டின் உட்புறம் ஒட்டியிருக்கும் மெல்லிய தோல் முழுக்கப் புரதம். அது அழுகினால் நாற்றம் வரும், எறும்பு வரும், சிமென்ட் இறுகுவதும் தாமதப்படலாம். ஓட்டைக் கொதிநீரில் பத்துப் பதினைந்து நிமிடம் போட்டு எடுங்கள், கிருமியும் சாகும். பிறகு ஓட்டை நொறுக்கித் தண்ணீரில் நன்றாகக் கலக்கி விடுங்கள். ஓடு அடியில் தங்கும், கழன்ற சவ்வு மேலே சுழலும், அதை வடித்துவிடலாம். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்து, கையில் பிசுபிசுப்பு தட்டாமல் போகும் வரை வெயிலில் காய வையுங்கள். அரைக்க மாவு மில்லும் வேண்டாம், கோழித்தீவன மில்லும் வேண்டாம். கோலமாவுக்குக் கல் அரைப்பவரிடம் கேட்டுப் பாருங்கள். பொடி 90 மைக்ரான் சல்லடையில் இறங்க வேண்டும். விரலிடுக்கில் தேய்த்தால் நறநறக்கக் கூடாது.

சுட்டுச் சுண்ணாம்பாக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். நான் வேண்டாம் என்பேன். 100 கிலோ கால்சியம் கார்பனேட்டைச் சுட்டால் 44 கிலோ கார்பன் டை ஆக்சைடாகப் போய்விடும், எரிபொருள் புகை தனி. சுடாமல் அரைத்துப் போட்டால் அந்தக் கார்பன் சுவரிலேயே தங்கும், சிமென்டும் மிச்சம்.

முதலில் ஒரு சின்னச் சட்டி கலவையைச் சுவரின் மூலையில் பூசிப் பத்து நாள் தண்ணீர் விடுங்கள். காய்ந்தபின் ஆணியால் கீறினால் மாவாக உதிரக் கூடாது, தட்டினால் வெற்றொலி வரக் கூடாது. பேவர் பிளாக் போடும் எண்ணமும் இருந்தால், அருகிலுள்ள பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் 28 நாள் வலிமைச் சோதனை முடிவு வந்த பிறகே அச்சில் ஊற்றுங்கள்.