பந்து இருக்கட்டும் தம்பி, முதலில் விசா

தம்பி, சென்னை லீக்கில் இடது கை வேகப்பந்து போடுகிறேன், ஊரில் இதற்கு மேலே போக வழியில்லை, அமெரிக்கா வந்தால் மூன்று வருடத்தில் அந்த நாட்டு அணிக்கு ஆடலாமா என்று கேட்டிருக்கிறாய். கூடவே குளிர், வாடகை, சாப்பாடு என்று ஒரு பட்டியல். அதை இங்கே யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். டாலஸ் பக்கம் இட்லி மாவு கடையிலேயே கிடைக்கிறது, போதுமா?

அமெரிக்க அணிக்கு ஆடும் நம் மும்பைக்காரர், உன்னைப் போலவே இடது கை வேகப்பந்து போடும் சௌரப் நேத்ராவல்கரைப் பார்த்துத்தான் உனக்கு ஆசை வந்திருக்கும். 2024 ஜூன் 6 அன்று டி20 உலகக் கோப்பையில் பாகிஸ்தானோடு ஆட்டம் சமமானபோது, வெற்றியை முடிவு செய்யும் சூப்பர் ஓவரைப் போட்டு அமெரிக்காவை ஜெயிக்க வைத்தார். ஆறு நாள் கழித்து நியூயார்க்கில் கோலியை முதல் பந்திலேயே அனுப்பினார், ரோஹித்தையும் எடுத்தார். எல்லோரும் அந்த வீடியோவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அவர் 2010ல் கே.எல். ராகுலோடு ஜூனியர் உலகக் கோப்பை ஆடியவர். அப்படியும் மும்பைக்காக ரஞ்சியில் கிடைத்தது ஒரே ஒரு ஆட்டம். 2015ல் இங்கே வந்தது கார்னெலில் கம்ப்யூட்டர் சயின்ஸ் மாஸ்டர்ஸ் படிக்க. அப்புறம் ஆரக்கிளில் வேலை. உலகக் கோப்பை நடந்தபோதும் ஓட்டல் அறையில் லேப்டாப்பைத் திறந்து வேலை பார்த்தாராம், அவருடைய சகோதரியே பேட்டியில் சொன்னார். அவரைப் போல வரவேண்டும் என்பவர்கள் இந்த லேப்டாப்பை மட்டும் மறந்துவிடுகிறார்கள்.

உன்முக்த் சந்த் கதையையும் தெரிந்துகொள். 2012 ஜூனியர் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இந்தியாவின் கேப்டனாக நின்று 111 நாட் அவுட். 2021ல் இந்திய கிரிக்கெட்டுக்கு முழுக்குப் போட்டுவிட்டு வந்தார். வெளிநாட்டு லீக்கில் ஆடவேண்டும் என்றால் நம் வாரியம் ஓய்வு அறிவிக்கச் சொல்லும், திரும்பிப் போக முடியாது. இங்கே பிறக்காத, இந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாத ஒருவர் மூன்று வருடம் இங்கேயே குடியிருந்தால்தான் தகுதி என்பது ஐசிசி, அதாவது சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலின் விதி. அதையும் முடித்தார். ஆனால் 2024 உலகக் கோப்பைக்கான அமெரிக்க அணியில் அவர் பெயர் இல்லை. அவருக்கே அந்தக் கதி! இதற்கு மேல், 2025 செப்டம்பரில் அமெரிக்க கிரிக்கெட் வாரியத்தின் உறுப்பினர் தகுதியையே ஐசிசி நிறுத்திவைத்தது. இவர்களை நம்பியா பெட்டி கட்டப்போகிறாய்?

"வா தம்பி, ரூம் தருகிறோம், மேட்சுக்கு இவ்வளவு தருகிறோம்" என்று வாட்ஸாப்பில் வலை வீசும் கிளப்காரர்கள் இங்கே நிறைய. நம்பாதே. மாணவர் விசாவில் இருப்பவன் அனுமதி இல்லாமல் வெளியே சம்பாதிக்கக் கூடாது. எச்1பி என்ற வேலை விசாவில் இருந்தால் மனுப் போட்ட கம்பெனிக்கு மட்டும்தான் வேலை. பந்து போட்டுக் காசு வாங்கினாலும் வேலைதான். மாட்டினால் விசா போகும், கிளப்காரர் போனைக்கூட எடுக்கமாட்டார்.

நான் 2008ல் வந்தேன், வேலைகள் கொத்துக்கொத்தாகப் போன வருடம். அழைத்துவந்த கன்சல்டன்சி ஒரு அபார்ட்மெண்டில் எங்களை அடைத்துவைத்து, பிராஜெக்ட் வரும்வரை சம்பளம் இல்லை என்றது. கேட்கத் தைரியம் இல்லை. ஞாயிறு காலையில் பின்பக்க பார்க்கில் சிலர் கிரிக்கெட் ஆட பிட்ச்சாக மேட் விரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மூலையைக் காலால் மிதித்து இழுத்துப் பிடிக்க, இன்னொருவர் நீள ஆணியைச் சுத்தியலால் அடித்தார். போய் நின்றேன். நம் ஊர்க்காரர்கள் டீமில் எந்தக் காலேஜ், யாருக்குத் தெரிந்தவன் என்று விசாரணை நடக்கும், டி-ஷர்ட்டுக்குப் பணம் போட்டவர்தான் கேப்டன். (இன்றும் அதே கதை.) இவர்கள் தெலுங்கர்களும் லாகூர்க்காரர்களும். ஒன்றும் கேட்காமல் எல்லைக்கோட்டுப் பக்கம் டீப் தேர்ட்மேனில் ஃபீல்டிங் நிற்க அனுப்பினார்கள். அன்று ஸ்லிப்பில் ஃபீல்டிங் நின்றவர்தான் பிறகு தன் ஆபீசில் என் ரெஸ்யூமேவைக் கொடுத்தார். அந்தச் சம்பளத்தில்தான் இன்றைக்கு இருக்கும் வீடு வந்தது. பாகிஸ்தான் தோற்ற அன்று டாலஸ் பக்கத்து கிராண்ட் ப்ரேரி ஸ்டேடியத்தில் அந்த லாகூர்க்காரர்களோடுதான் உட்கார்ந்திருந்தேன். திரும்பும் வழியெல்லாம் காரில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை, பிரியாணி வாங்கிக்கொடுத்துச் சமாளித்தேன்.

சரி, சௌரப் போலப் படிக்க வருவதென்றால் வா, அட்மிஷன் எந்த ஊரில் என்று முடிவானதும் எழுது, பக்கத்தில் எந்த லீக் நல்லது என்று சொல்கிறேன். அடியில் ஆணி வைத்த ஸ்பைக்ஸ் ஷூ கொண்டுவராதே. மேட்டைக் கிழித்துவிடும் என்று பெரும்பாலான லீக்கில் விடமாட்டார்கள். ரப்பர் அடி ஷூ இரண்டு ஜோடி எடுத்துக்கொள், இங்கே விலை அதிகம்.