கேம்பஸ் போலீஸ் வெளியே வந்து டிக்கெட் கொடுத்தால் செல்லுமா?

கேள்வி: டெக்சஸில் டாலஸ் பக்கம் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ். படிக்கிறேன். சொந்த ஊர் நாமக்கல். போன வாரம் இரவு மளிகைச் சாமான் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, கேம்பஸிலிருந்து இரண்டு மைல் தள்ளி, பல்கலைக்கழகத்தின் பெயர் எழுதிய போலீஸ் வண்டி விளக்கைப் போட்டு என்னை நிறுத்தியது. 30 மைல் வரம்புள்ள சாலையில் 42-ல் போனேன் என்று அபராத டிக்கெட். "அவங்களுக்கு கேம்பஸுக்குள்ளதான் பவர். கோர்ட்டுக்குப் போனா தானா தள்ளுபடி ஆயிடும், பணம் கட்டாதே" என்கிறான் ரூம்மேட். கட்டாமல் விடலாமா? எஃப்-1 மாணவர் விசாவுக்கு இதனால் ஏதாவது வருமா?

பதில்: என்ன செய்தாலும் சரி, அந்த டிக்கெட்டைக் கண்டுகொள்ளாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். உங்கள் ரூம்மேட் சொல்வது சில மாநிலங்களில் பாதி உண்மை. டெக்சஸில் அந்தப் பாதியும் கிடையாது.

நம்மூர்க் கல்லூரி வாசலில் நிற்கும் செக்யூரிட்டியை மனதில் வைத்துக்கொண்டு யோசிப்பதால்தான் இந்தக் குழப்பம் வருகிறது. அவர் நிர்வாகத்தின் ஆள். கேட்டுக்கு வெளியே அவருக்கு ஒரு வேலையும் இல்லை. அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்களில் இருப்பவர்கள் அப்படியல்ல. 1894-ல் நியூ ஹேவன் நகரப் போலீஸில் இருந்து இருவரை யேல் பல்கலைக்கழகத்துக்கென்று ஒதுக்கினார்கள். அங்கே தொடங்கிய வழக்கம் இன்று நாடு முழுக்கப் பரவியிருக்கிறது. சம்பளம் பல்கலைக்கழகம் கொடுத்தாலும், துப்பாக்கியும் கைது செய்யும் அதிகாரமும் மாநிலச் சட்டம் கொடுத்தவை. அதனால் அவர்களுடைய எல்லையை கேம்பஸ் வேலியை வைத்து அளக்க முடியாது. அந்த மாநிலச் சட்டம் எங்கே கோடு போட்டிருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

டெக்சஸ் அந்தக் கோட்டை ரொம்பத் தாராளமாகப் போட்டிருக்கிறது. அங்கே கல்விச் சட்டத்தில் 51.203 என்று ஒரு பிரிவு உண்டு. அரசுப் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமாகவோ, குத்தகைக்கோ, வாடகைக்கோ, வேறு வகையில் அதன் கட்டுப்பாட்டிலோ சொத்து இருக்கும் கவுண்டிகள் (நம்மூர் மாவட்டம் போன்றவை) எல்லாமே அதன் போலீஸுக்கு முதன்மை அதிகார எல்லை. கவனியுங்கள், அந்தச் சொத்து மட்டுமல்ல, அது இருக்கும் கவுண்டி முழுவதும். அந்த எல்லைக்குள் அவருக்கு ஒரு முழுப் போலீஸ் அதிகாரிக்குரிய எல்லா அதிகாரமும் உண்டு. டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் டாலஸ் கிளையான யூ.டி. டாலஸையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வளாகம் டாலஸ், கொலின் இரண்டு கவுண்டிகளிலும் கால் வைத்திருக்கிறது. ஆக, அதன் போலீஸ் கொலின் கவுண்டியின் பிளேனோவில் நிறுத்தினாலும் கேள்வி இல்லை, டாலஸ் கவுண்டியின் இர்விங்கில் நிறுத்தினாலும் கேள்வி இல்லை. கவுண்டிக்கு வெளியேகூட, வேறொரு போலீஸ் துறை கூப்பிட்டாலோ, அதற்கு உதவப் போனாலோ, தன் பல்கலைக்கழக வேலையாகப் போனாலோ அவருக்கு அதிகாரம் உண்டு. உங்கள் இரண்டு மைலை வைத்து ஒன்றும் வாதாட முடியாது.

மற்ற மாநிலங்களில் படிக்கும் நண்பர்களிடம் இதையே சொல்லிவிடாதீர்கள், ஏனென்றால் ஊருக்கு ஒரு கணக்கு. ஃபுளோரிடாவில் பல்கலைக்கழகச் சொத்திலும் அதிலிருந்து 1,000 அடி தூரத்திலும் நடக்கும் குற்றங்களுக்கு அதிகாரம். அங்கே தொடங்கிய குற்றமென்றால் விடாமல் துரத்திக்கொண்டும் போகலாம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் போலீஸுக்கு வளாகமும் அதைச் சுற்றி ஒரு மைலும்தான் முக்கியப் பணியிடம் என்று கல்விச் சட்டம் சொல்கிறது. ஆனால் அவர்களுடைய அதிகாரம் மாநிலத்தின் எந்த இடத்துக்கும் செல்லும் என்று தண்டனைச் சட்டத்தின் 830.2 பிரிவு சொல்கிறது. "ஒரு மைல் தாண்டிட்டோம், இனி தொட முடியாது" என்று நினைப்பவர்கள் முதல் பாதியை மட்டும் படித்தவர்கள். வட கரோலினாவின் அரசுப் பல்கலைக்கழகங்களில் எல்லை குறுகலானது: வளாகமும், அதை ஊடுருவியோ ஒட்டியோ போகும் சாலையும். அங்கேகூட நகர நிர்வாகத்தோடு ஒப்பந்தம் போட்டு எல்லையை நீட்டிக்கொள்ள வழி வைத்திருக்கிறார்கள்.

தனியார் பல்கலைக்கழகங்கள் என்றால் கதையே வேறு. ஸ்டான்ஃபோர்டின் அதிகாரிகள் சான்டா கிளாரா கவுண்டியின் போலீஸ் தலைவரான ஷெரீஃபிடம் பதவிப் பிரமாணம் எடுத்தவர்கள். அதிகாரம் அங்கிருந்து வருகிறது. ஹார்வர்டின் போலீஸார் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சிறப்புப் போலீஸார். கூடவே இரண்டு கவுண்டிகளின் துணை ஷெரீஃப்கள். சிகாகோ பல்கலைக்கழகப் போலீஸ் 37-ஆம் தெருவிலிருந்து 64-ஆம் தெரு வரை ரோந்து போகிறது. அந்த வட்டாரத்தில் குடியிருப்பவர்களில் பெரும்பாலோர் அங்கே படிப்பவர்களே அல்ல. தாங்கள் ஓட்டுப் போட்டு எந்த விதத்திலும் தட்டிக்கேட்க முடியாத ஒரு போலீஸ் தங்கள் தெருவில் நிற்கிறது என்று அவர்கள் பேசுவதில் நியாயம் இருக்கிறது. நோட்ர டாம் பல்கலைக்கழகப் போலீஸின் பதிவேடுகளைப் பொதுத் தகவல் சட்டத்தின்கீழ் கேட்டபோது, தனியார் நிறுவனம் என்பதால் கொடுக்க வேண்டியதில்லை என்று 2016-ல் இந்தியானா உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கைது செய்யும்போது போலீஸ், கணக்குக் கேட்டால் தனியார்!

இது வெறும் சட்ட நுணுக்கம் அல்ல. 2015 ஜூலை 19 அன்று சின்சினாட்டி பல்கலைக்கழகப் போலீஸ் அதிகாரி ஒருவர் வளாகத்துக்கு வெளியே, முன்பக்க நம்பர் பிளேட் இல்லை என்று ஒரு காரை நிறுத்தினார். சில நிமிடங்களில் அதை ஓட்டிவந்த சாமுவேல் டுபோஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். கொலை வழக்கு இரண்டு முறை விசாரணைக்கு வந்தும் ஜூரி ஒத்துப்போகாமல், 2017-ல் குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. பல்கலைக்கழகம் குடும்பத்துக்கு 48.5 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. ஒரு நம்பர் பிளேட்டுக்காக கேம்பஸ் போலீஸ் ஊருக்குள் போய் வண்டி நிறுத்த வேண்டுமா என்று அப்போது எழுந்த கேள்வி சரியான கேள்வி என்பதே என் கருத்து. ஆனால் அதைக் கேட்க வேண்டிய இடம் சட்டமன்றமும் பல்கலைக்கழக நிர்வாகமும். சாலையோரத்தில், இரவில், அதிகாரியின் முகத்துக்கு நேரே அல்ல.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. "உனக்கு இங்கே அதிகாரம் இல்லை" என்று வண்டியில் இருந்தபடி வாதாடி ஜெயித்தவர் யாருமில்லை. விளக்கு போட்டால் ஓரங்கட்டுங்கள், கைகள் ஸ்டியரிங்கில் தெரியட்டும், லைசென்ஸும் இன்ஷூரன்ஸும் கேட்டால் கொடுங்கள். காரைச் சோதிக்க அனுமதி கேட்டால் "சம்மதமில்லை" என்று மரியாதையாகச் சொல்லலாம். அது உங்கள் உரிமை. சொன்னபிறகும் சோதித்தால் தடுக்காதீர்கள். டிக்கெட்டில் கையெழுத்துப் போடுவது குற்றத்தை ஒப்புக்கொள்வது ஆகாது. சொன்ன தேதிக்குள் கோர்ட்டில் ஆஜராவேன் என்ற வாக்குறுதி, அவ்வளவுதான். போட மாட்டேன் என்று முறுக்கிக்கொண்டால் கைதில் போய் முடியலாம். டெக்சஸில் சீட் பெல்ட் போடாததற்காக ஒரு தாயைக் கைது செய்ததையே 2001-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது.

அதிகாரி உண்மையிலேயே எல்லை தாண்டியிருந்தால் வழக்கு தள்ளுபடி ஆகிவிடுமா? தானாக ஆகாது. மாநிலச் சட்டத்தை மீறிய கைது என்றாலும், குற்றம் நடந்ததாக நம்பப் போதிய காரணம் இருந்தால் அரசியல் சட்ட மீறல் ஆகாது என்று 2008-ல் வர்ஜீனியா எதிர் மூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எனவே கிடைத்த சாட்சியத்தை ஒதுக்கிவைப்பதா என்பதை மாநிலச் சட்டம்தான் முடிவு செய்யும். இதில் டெக்சஸ் ஒரு விதத்தில் நல்ல இடம். மாநிலச் சட்டத்தை மீறிப் பெற்ற சாட்சியத்தைப் பயன்படுத்தக் கூடாது என்று அதன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 38.23 பிரிவே சொல்கிறது. எல்லை மீறல் உண்மையாக இருந்தால் வக்கீலுக்கு அங்கே பிடி கிடைக்கும். உங்கள் விஷயத்தில் மீறலே இல்லை என்பதுதான் சங்கடம்.

உங்கள் பல்கலைக்கழகப் போலீஸின் எல்லையை நீங்களே பார்த்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. கிளெரி சட்டம் என்று 1990-ல் வந்தது. அதன்படி ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஆண்டுதோறும் அக்டோபர் 1-க்குள் பாதுகாப்பு அறிக்கை வெளியிட வேண்டும். அதில் குற்ற எண்ணிக்கையோடு, தன் போலீஸுக்குக் கைது அதிகாரம் உண்டா, எல்லை எதுவரை, உள்ளூர்ப் போலீஸோடு என்ன ஒப்பந்தம் என்பதையும் சொல்லியாக வேண்டும். பல்கலைக்கழக இணையதளத்தில் தேடினால் கிடைக்கும். நீளமான பிடிஎஃப், நான் பார்த்த மாணவர்களில் அதைத் திறந்தவர் அரிது.

சரி, இப்போது கையில் இருக்கும் காகிதத்தை எடுங்கள். தலைப்பில் ஒரு கோர்ட்டின் பெயர் இருக்கிறதா? சிறு வழக்குகளை விசாரிக்கும் ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ் கோர்ட் அல்லது முனிசிபல் கோர்ட் என்று இருந்தால் அது சட்டப்படியான போக்குவரத்து வழக்கு. பல்கலைக்கழகத்தின் பார்க்கிங் அலுவலகப் பெயர் மட்டும் இருந்தால் அது உள்வீட்டு அபராதம். அதைக் கட்டாவிட்டால் பதிவுக்கும் சான்றிதழுக்கும் தடை வரலாம், கோர்ட் வராது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்களுடையது முதல் வகை.

அதில் ஆஜராக வேண்டிய கடைசித் தேதி இருக்கும். அதற்குள் கோர்ட்டைத் தொடர்புகொள்ளுங்கள். பேசாமல் பணத்தைக் கட்டினால் வழக்கு முடியும், ஆனால் அது குற்றத்தீர்ப்பாகப் பதிவாகும். அதைவிட நல்லது டிரைவிங் சேஃப்டி கோர்ஸ். வரம்பைவிட 25 மைலுக்குக் குறைவாகத்தான் தாண்டியிருக்கிறீர்கள், உங்கள் கணக்கு 12. கடந்த 12 மாதத்தில் இதே கோர்ஸை வேறு டிக்கெட்டுக்காக எடுத்திருக்கக் கூடாது. முடித்துச் சான்றிதழ் கொடுத்தால் வழக்கு தள்ளுபடி. ஆனால் இதற்கு டெக்சஸ் லைசென்ஸ் வேண்டும். இந்திய லைசென்ஸிலும் இன்டர்நேஷனல் பெர்மிட்டிலும் ஓட்டிக்கொண்டிருந்தால், தீர்ப்பை ஒத்திவைக்கும் டிஃபர்டு டிஸ்பொசிஷன் கிடைக்குமா என்று கேளுங்கள். நீதிபதி வைக்கும் நிபந்தனைகளைக் காப்பாற்றினால் அதுவும் தள்ளுபடியில்தான் முடியும்.

ரூம்மேட் சொன்னபடி சும்மா இருந்தால் என்ன ஆகும்? ஆஜராகாததற்கு ஒரு புது வழக்கு, பிடிவாரண்ட், லைசென்ஸைப் புதுப்பிக்கத் தடை. விசா விஷயம் இங்கேதான் வருகிறது. வேக டிக்கெட் என்பது கைது அல்ல. அதற்காக மட்டும் எஃப்-1 போகும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் பிடிவாரண்டில் கைதாகி விரல்ரேகை எடுத்துவிட்டால், அது மத்தியத் தரவுத்தளத்தில் ஏறிவிடும். 2025 ஏப்ரலில் ஆயிரக்கணக்கான வெளிநாட்டு மாணவர்களின் செவிஸ் பதிவுகள் (அவர்களைப் பற்றி அமெரிக்க அரசு வைத்திருக்கும் கணினிப் பதிவேடு) திடீரென்று ரத்தானது நினைவிருக்கும். அப்படிப்பட்ட தரவுத்தளப் பெயர்ப் பொருத்தத்தை வைத்துத்தான் செய்தார்கள். சிறு வழக்குகளும் தள்ளுபடியான வழக்குகளும்கூட அதில் சிக்கின. கோர்ட்டுகளில் வழக்குகள் குவிந்தபிறகு அந்த மாதக் கடைசியில் அரசு பின்வாங்கியது. குடித்துவிட்டு ஓட்டிக் கைதானால் நிலைமை இன்னும் மோசம்: தீர்ப்பு வரும்வரை காத்திராமலே வெளியுறவுத் துறை விசாவை ரத்து செய்ய முடியும். அப்படி ஏதாவது என்றால், குற்ற வழக்கு வக்கீலோடு குடியேற்றச் சட்டம் தெரிந்த ஒருவரையும் பார்க்காமல் எதையும் ஒப்புக்கொள்ளக் கூடாது.

உங்களுக்கு அந்த அளவு கவலை வேண்டாம். வழக்கு முடிந்ததும் கோர்ட்டிடம் முடிவுச் சான்று கேட்டு வாங்கி, ஒரு நகலை ஐ-20 (மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் படிவம்) வைத்திருக்கும் கோப்பிலேயே வையுங்கள். ஊருக்கு வந்து விசா முத்திரைக்குப் போகும்போது யாராவது கேட்டால் காட்டலாம். அப்புறம், செமஸ்டர் முடிந்து வீடு மாறினால் கோர்ட்டுக்கும் புது முகவரியைத் தெரிவியுங்கள். அறிவிப்பு பழைய அபார்ட்மென்ட்டுக்குப் போய், அங்கே புதிதாக வந்தவர் அதைக் குப்பையில் போட்டிருந்தாலும், கோர்ட் கணக்கில் அனுப்பியாயிற்று.